பச்சைப் பொட்டு

2 ஜூன் 2013, ஞாயிறு

கவியா இன்று அப்பாவைக் கூப்பிடவில்லை. பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போன வாரமும் அப்படித்தான் செய்திருக்கிறாள், நான்தான் கவனிக்கவில்லை. கூப்பிட்டால் அப்பா திரும்பமாட்டார், இழுத்தால்தான் திரும்புவார் என்று நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அதை ஒத்துக்கொள்ள ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

இவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. சரி, எழுதியாயிற்று. வாயால் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை.

ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் ஆறு வருஷம். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற மிஷின். கல்யாணமான புதிதில் சங்கரன்கோவில் பஸ்ஸில் யாருக்கும் கேட்காமல் என் காதில் பேசிக்கொண்டே வந்த மனுஷன். இப்போது இவர் டிவி வைத்தால் கீழே வீட்டுக்காரச் சந்திரம்மாள் படியேறி வருகிறார். "இன்னாம்மா, வூட்ல கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போகிறார். நான் பல்லைக் காட்டிவிட்டு உள்ளே வந்து சத்தத்தைக் குறைக்கிறேன். இவர் மறுபடி கூட்டுகிறார்.

5 ஜூன், புதன்

கேட்டேவிட்டேன். முதலில் என் மேலேயே திருப்பினார். நான் வரவர மெதுவாகப் பேசுகிறேனாம். நானா? எங்கள் கம்பெனி லைனில் என் குரலைக் கேட்டு அடுத்த லைன் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பிறகு சொன்னார். அக்டோபரில் பர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள். அதற்கு முன்னால் காது டெஸ்ட் உண்டு. போன வருஷம் அதில் தோற்ற இரண்டு பேரைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்தார்கள். வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள், அப்புறம் அவர்களைக் காணவே இல்லை. "வெளிய சொல்லிராத, விழி. அக்டோபர் வரைக்கும்."

டெஸ்டுக்கு என்ன செய்வீர்கள் என்றேன். நர்ஸ் சத்தம் கொடுக்கப் பொத்தானை அழுத்துகிற கையைப் பார்த்து, கேட்கிறது என்று தலையாட்டினால் போதும் என்றார். ஆறு வருஷ உழைப்பு, ஒரு நர்ஸின் கட்டை விரலை நம்பி நிற்கிறது.

9 ஜூன், ஞாயிறு

நான் எதற்கு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன்? சார்ஜர் கம்பெனியில் டச்-அப் பண்ணவா? லென்ஸ் வழியாகப் போர்டைப் பார்ப்பது, ஈயம் விட்டுப்போன இடத்தில் ஒரு சொட்டு வைப்பது, சரியாக இருந்தால் பச்சை மார்க்கரால் ஒரு பொட்டு. பச்சை என்றால் பாஸ், சிவப்பு என்றால் ஒதுக்கு. ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு பொட்டு. என் நெற்றியில் வைத்ததைவிடப் போர்டில் வைத்ததுதான் அதிகம்.

ஒரு சின்ன மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஹெட்போன். முன்னால் பேசுகிறவர் குரலை வாங்கிப் பெரிசாக்கிக் காதுக்குக் கொடுக்க வேண்டும். இதைக்கூடச் செய்ய முடியாதா என்னால்?

16 ஜூன், ஞாயிறு

செய்தேன். கேட்கிறது. ஆனால் உர்ர்ர் என்று ஒரு இரைச்சல் கூடவே வருகிறது. கரண்ட் வழியாக வருவது. எங்கள் கம்பெனி சார்ஜரையே பவருக்குப் போட்டேன், அது போனுக்குச் சரி, காதுக்குச் சரிவராது. இவர் ஒரு நிமிஷம் போட்டுக் கழற்றிவிட்டார். பிரஸ்ஸை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாயா என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அதற்கும் மேல், மத்தியானம் கரண்ட் போனது. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தது. கரண்டை நம்பிக் காது வைத்துக்கொள்ள முடியாது.

டார்ச் பேட்டரி போட்டுப் பார்த்தேன். இரைச்சல் இல்லை, ஆனால் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். போனில் இருக்கிற லித்தியம் பேட்டரி மாதிரி வேண்டும். தட்டையாக, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுகிற மாதிரி.

23 ஜூன், ஞாயிறு

படப்பை பழைய சாமான் கடை. ஒரு சாக்கு நிறையத் தட்டைச் செல்கள். போனுக்கு உள்ளே போவதற்கு முன்னால் இருக்கிற ரூபம், ஸ்டிக்கர் கிடையாது, பாதுகாப்புக்கு வைக்கிற குட்டிப் போர்டும் கிடையாது. ஏதோ பேட்டரி கம்பெனியிலிருந்து லாட்டாக வந்ததாம். குனிந்து பார்த்தால், சிலவற்றின் ஓரத்தில் பச்சைப் பொட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ என்னை மாதிரி ஒருத்தி, ஏதோ ஒரு லைனில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். கடைக்காரர் எதையாவது எடுத்துக்கோ என்றார். நான் பொறுக்கிப் பொறுக்கிப் பொட்டு வைத்ததாக நாலு எடுத்தேன். அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஷேர் ஆட்டோவில் வரும்போது பெருமையாகக்கூட இருந்தது.

30 ஜூன், ஞாயிறு

இரைச்சல் இல்லை. ஒன்றுமே இல்லை. ஹெட்போனை நான் முதலில் போட்டுப் பார்த்தேன், மிஷின் ஓடவில்லையோ என்று பயந்துவிட்டேன். அவ்வளவு அமைதி. அப்புறம் கவியா முறுக்கைக் கடித்தாள், கேட்டது.

இவர் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்றுகூட நினைவில்லை, அரிசி தீர்ந்தது, சந்திரம்மாள் தண்ணீர் மோட்டார் போடவில்லை, இப்படி ஏதோ. இவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருஷமாக உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்ட மனுஷன் கண்ணை மூடினார். "நீ ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு வாங்குத, விழி. மறந்தே போச்சு" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்குச் சந்தோஷம். அழுதேன், ஆனால் சந்தோஷம்தான்.

4 ஜூலை, வியாழன்

பேசுகிறார், பேசுகிறார், நிறுத்தமாட்டேன் என்கிறார். இதற்கா ஆசைப்பட்டேன்.

21 ஜூலை, ஞாயிறு

சண்டை. அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறாராம், பத்து நாளாக. பெட்டி சட்டைப் பையில். காதில் ஹெட்போனுக்குப் பதில் சின்ன இயர்போன், அதற்கு மேல் கம்பெனி கொடுத்த காது மூடி. சத்தத்திலிருந்து காதைக் காப்பாற்றக் கொடுத்ததற்கு அடியில் கேட்கிற மிஷின். யாருக்கும் தெரியாது. காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் சொல்வது எல்லாம் கேட்கிறது, கேள்விக்குப் பதில்கூடச் சொன்னாராம். பிரஸ் ஓடும்போது அதை ஆஃப் பண்ணிவிடுவேன் என்று சத்தியம் பண்ணினார்.

வீட்டுக்குத்தான் செய்தேன் என்றேன். காது வீட்டுக்கு மட்டுமா இருக்கு என்று கேட்டார்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

பெட்டி மூடி சரியாக உட்காரவில்லை. செல் கொஞ்சம் உப்பியிருக்கிறது. சூட்டினால் இருக்கலாம், பிரஸ் ஷாப்பில் உடம்பே உப்பிவிடும். எனக்குப் போன ஞாயிறும் ஓவர்டைம், நாளைக்கும் ஓவர்டைம், கடைக்குப் போக நேரமில்லை. வேறு செல் மாற்ற வேண்டும். இப்போதைக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டேன். பாஸ் ஆன செல்தானே.

29 ஆகஸ்ட், வியாழன்

சட்டைப் பையில் தீ.

நெஞ்சில் இடது பக்கம். உள்ளங்கை அகலத்துக்கு. டாக்டர் பயமில்லை என்கிறார். பயமில்லையாம்.

ரப்பர் பேண்டு போட்டேனே. பாவி, நான் ரப்பர் பேண்டு போட்டேனே.

31 ஆகஸ்ட், சனி

நடந்ததை ஜெபகுமார் சொன்னார். இவரோடு பிரஸ்ஸில் இருக்கிறவர், எங்கள் பென்னலூர்த் தெருக்காரர்தான். இவர் தகட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாராம். ஜெபா பின்னால் இருந்து இவர் தோளுக்கு மேலே புகை வருவதைப் பார்த்திருக்கிறார்.

"சட்டை, சட்டைய கழட்டுன்னு கத்தினேங்க்கா. நாலு பேரு கத்தினோம். அண்ணன் பாட்டுக்கு வேலை செஞ்சிகினு கீறாரு."

சூடு தோலில் ஏறுகிறவரை இவருக்குத் தெரியவில்லை. ஜெபாதான் ஓடிவந்து சட்டையைக் கிழித்து இழுத்திருக்கிறார். அவர் கையிலும் கொப்புளம்.

கிழிந்த சட்டையோடு ஒயரும் வந்தது, காது மூடியும் வந்தது. லைன் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கத்தியும் திரும்பாத ஆளுக்கு அதற்கு மேல் என்ன காது டெஸ்ட்.

1 செப்டம்பர், ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். ஒன்றுதான் கேட்டார்.

"நீ பாக்கலையா?"

"பச்சப் பொட்டு இருந்துச்சுங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவியா கட்டில் ஓரம் நின்றாள். இழுக்க அப்பாவுக்குச் சட்டை இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

6 செப்டம்பர், வெள்ளி

ஜெபாவின் தங்கை ஷாரோன் ஒரு பேட்டரி கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறாள். மீதி மூன்று செல்லையும் ஒரு மண் சட்டியில் வைத்து அவளிடம் காட்டினேன். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "இது எங்க கம்பெனி மாதிரி கீதே. யார்க்கா உங்களுக்கு இத குடுத்தது?"

பாஸ் ஆன செல்தானே என்றேன். பொட்டைக் காட்டினேன்.

"அய்யோ அக்கா. இது ரிஜெக்ட் லாட்டு. ஒருத்தர் ரிஜெக்ட்னு ஒதுக்குவாங்க. ரெண்டாவது ஆளு பாத்து, ஆமா, இது ரிஜெக்ட்தான்னு உறுதி பண்ணா பச்ச வெப்பாங்க. ரிஜெக்ட் ஓகேன்னு அர்த்தம்."

ரிஜெக்ட் ஓகே.

அந்தச் சாக்கில் கெட்டது என்று இரண்டு பேர் சத்தியம் பண்ணியதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். ஒன்றும் தெரியாதவள் கையை விட்டு அள்ளியிருந்தால்கூட இதைவிட நல்லது கிடைத்திருக்கும். தெரிந்தவள் அல்லவா நான். ஆட்டோவில் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

மீட்டர் வீட்டில் இருந்தது. ஒரு நாள் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்து, அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏன் அளக்கவில்லை?

12 செப்டம்பர், வியாழன்

ஏன் அளக்கவில்லை என்று இன்று லைனில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது. ஆயிரத்து நூறு போர்டில் நான் உண்மையாகப் பார்ப்பது எத்தனை? கடைசி ஒரு மணி நேரத்தில் லென்ஸில் கண்ணை வைக்காமலே பொட்டு வைத்துத் தள்ளியிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான். பொட்டு என்றால் பார்த்தது என்று அர்த்தம் இல்லை, பொட்டு வைத்தாயிற்று என்று மட்டும்தான் அர்த்தம். இது மற்ற யாரையும்விட எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? ஆனாலும் இன்னொருத்தி பொட்டை நம்பினேன். என் பொட்டு பொய்யாக இருக்கலாம், அவள் பொட்டு உண்மையாகத்தான் இருக்கும் என்று.

இன்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் வைத்தேன். எழுநூறுதான் முடிந்தது. லைன் லீடர் நாச்சியார் வந்து நின்றாள். என்னைவிட ஆறு வயது சின்னவள், ஆனால் லீடர். "எல்லாரும் வெக்கிற மாதிரி வைங்கக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

கடிதம் வந்தது. அனுமதி இல்லாத பொருளை மிஷின் பக்கம் கொண்டுவந்தது, உடல் தகுதியை மறைத்தது. கான்ட்ராக்ட் முடிந்தது. லிஸ்டில் பெயர் வருமா வராதா என்கிற பேச்சே இனி கிடையாது.

இவர் அதைப் படித்து நாலாக மடித்து டிவி மேல் வைத்தார். டிவியும் இப்போது வைப்பதில்லை. சந்திரம்மாள்கூட வந்து, "இன்னாம்மா, ஊர்ல கீறீங்களா இல்லையா, சத்தமே காணோம்?" என்று கேட்டார். கல்யாணமா என்று கேட்டதே தேவலை.

6 அக்டோபர், ஞாயிறு

இன்னொன்று செய்யட்டுமா என்று எழுதிக் காட்டினேன். பேசினால் இவருக்குக் கேட்காது. "வேண்டாம்" என்று வாயால் சொன்னார், நான் என்னவோ செவிடி மாதிரி ஒவ்வொரு எழுத்தாக.

சரியாகத்தான் சொல்கிறார். நெஞ்சில் தோல் இன்னும் ரோஸ் கலரில் இருக்கிறது. இவருக்குக் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கொடுக்கிற டீயைக்கூட ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

ஆஸ்பத்திரியில் காது மிஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வரும்போது வரட்டும். ஆனால் நான் கெடுத்ததை நான்தான் சரிபண்ண வேண்டும். இவர் போட்டுக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, சரியானது ஒன்று இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

13 அக்டோபர், ஞாயிறு

ஆயுதபூஜை. ஒவ்வொரு வருஷமும் இன்று இவர் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போவோம். பிரஸ்ஸுக்கு மாலை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள், கவியாவைத் தூக்கிக் காட்டுவார். இந்த வருஷம் வாசலில் கம்பெனி பஸ் மாலையோடு போனதை அவள் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. இந்தக் குழந்தை கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டே போகிறது.

நான் சால்டரிங் அயர்ன், மீட்டர், கட்டர் எல்லாவற்றையும் துடைத்துக் குங்குமம் வைத்தேன். சென்னைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்த செல்லுக்கு மட்டும் வைக்கவில்லை. இது புதுசு, பாதுகாப்புப் போர்டோடு வந்தது. இருந்தாலும் கையில் எடுத்த குங்குமத்தைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். முதலில் பார்க்கிறேன். பொட்டு அப்புறம்.

14 அக்டோபர், திங்கள்

ஊரில் ஒரு மண்டலம் விரதம் இருப்பார்கள், நாற்பத்தெட்டு நாள். இந்தச் செல்லும் இருக்கட்டும். மாடிப்படிக்கு மேலே மொட்டைமாடியில் மழை படாத மூலையில் ஒரு மண்பானை, பாதி மணல், நடுவில் செல். தினம் சார்ஜ் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், அளந்து எழுத வேண்டும். ஒரு நாள் சூடானாலும், ஒரு நூல் உப்பினாலும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து.

சந்திரம்மாள் எட்டிப் பார்த்து, பானைக்குள் என்ன சாமி என்றார். பேட்டரி என்றேன். ஒரு தரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துணியை மறுபக்கக் கொடிக்கு மாற்றிக்கொண்டார்.

2 நவம்பர், சனி

தீபாவளி. தெருவில் பத்தாயிரம் வாலா. கவியா காதைப் பொத்திக்கொண்டு அலறினாள், இவர் அசையாமல் நின்றார். அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு புகை எங்கள் பக்கம் திரும்பியது. இவர் கை சட்டென்று இடது நெஞ்சுக்குப் போனது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

இருபதாம் நாள். சூடு இல்லை. உப்பல் இல்லை.

12 நவம்பர், செவ்வாய்

டச்-அப்பிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்லோவாம். டப்பாவில் சார்ஜரைப் போட்டு மூடுகிற வேலை. நாச்சியார் தலை குனிந்துகொண்டு சொன்னாள். பரவாயில்லை என்றேன், பரவாயில்லாமல் இல்லை. பதினோரு வருஷமாக அயர்ன் பிடித்த கை. ஆனால் இனி பார்க்காமல் பொட்டு வைக்க என்னால் முடியாது.

இவர் ஒரகடத்தில் ஒரு கோடவுனில் மூட்டை அடுக்குகிற வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அங்கே மிஷின் சத்தம் இல்லை, காது கேட்டாலும் ஒன்றுதான் கேட்காவிட்டாலும் ஒன்றுதான் என்றாராம் ஜெபாவிடம். என்னிடம் சொல்லவில்லை.

30 நவம்பர், சனி

நாற்பத்தெட்டு. சூடு இல்லை. உப்பல் இல்லை. அளவு முதல் நாள் இருந்த மாதிரியே.

பானையைக் கீழே கொண்டுவரத் தூக்கியபோதுதான் பார்த்தேன். சுவரோரம் இருந்த பக்கத்தில், எனக்குத் தெரியாத பக்கத்தில், சாக்பீஸ் கோடுகள். கவியா கிறுக்கியது என்று நினைத்தேன். இல்லை, வரிசையாக, இரண்டிரண்டாக. எண்ணினேன். தொண்ணூற்றாறு.

நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாடியேறிப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன மனுஷன். பார்த்துப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்.

படியிலேயே பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

1 டிசம்பர், ஞாயிறு

புதுப் பெட்டியைக் கவியாவின் பழைய எவர்சில்வர் டிபன் டப்பாவில் அடக்கினேன். ஒயரை மூன்று முழத்துக்கு விட்டேன். பையில் வைக்க வேண்டாம், பக்கத்தில் ஸ்டூலில் வைத்தால் போதும். சாப்பிட்டு முடித்ததும் இவர் முன்னால் வைத்தேன்.

இவர் டப்பாவைத் திறந்து செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டைத் தேடுகிறார் என்று தெரிந்தது. "இல்லங்க. வைக்கல" என்று உதட்டை அசைத்தேன். தலையாட்டினார். ஸ்டூலை ஒரு கை தூரம் தள்ளி வைத்தார். அதற்கும் மேல் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், அது கிரீச்சிடுவது இப்போதுதான் தெரிகிறது போல.

கவியா வாசலில் இருந்து ஓடிவந்தாள். பின்பக்கமாக வந்து வழக்கம்போல் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இவர் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"சட்டைய இழுக்காத பாப்பா. கூப்பிடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூப்பிடு என்று தலையசைத்தேன். ஆறு மாசமாகக் கூப்பிடாத குழந்தை, மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, சந்திரம்மாள் வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி "அப்பா" என்று கத்தினாள். இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, டப்பாவைத் தாவிப் பிடித்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"மெதுவா" என்றார். "மெதுவாவே கூப்பிடு. கேக்கும்."